கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு

குன்றத்தூரில் நண்பர் ஒருவர் ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையொன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை. வீட்டின் பின்பக்கம் ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், நாலடி ஆழத்தில் ஒரு நீச்சல் குளம். நீல ஓடு பதித்து, விளிம்பில் கருங்கல் பாவி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கடன் வேலையாக அங்கீகரித்த வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்திருந்தார். அதில் படுக்கையறை, சமையலறை, படிக்கட்டு, சம்ப், செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்புக் குழி எல்லாம் அளவோடு இருந்தன. குளம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. காலி இடம்.

“பிளான்ல காட்டலையா?” என்று கேட்டேன்.

“யாரும் கேக்கலை சார். இன்ஜினியரும் தேவையில்லைன்னுட்டார்.”

இரண்டு வாக்கியமும் உண்மைதான். இந்தக் கட்டுரை அந்த வெள்ளை இடத்தைப் பற்றியது.

குன்றத்தூர் 2021-இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் இருக்கிறது. ஆகவே இங்கே வீடு கட்டுபவரைக் கட்டுப்படுத்துவது 2019 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். தெருவின் அகலம், பக்கவாட்டில் விட வேண்டிய இடம், தளப்பரப்புக் குறியீடு, கார் நிறுத்தம், சூரிய மின்தகடு வரை தடிமனான அந்தப் புத்தகம் பேசுகிறது. வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றி வேலி வேண்டும், கதவின் தாழ்ப்பாள் இத்தனை உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி அதில் கிடையாது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்துவிட்டது. இணையத்தில் வரைபடத்தை ஏற்றிப் பணம் கட்டினால் அனுமதி வந்துவிடும். நடுத்தரக் குடும்பத்தை அலுவலகம் அலுவலகமாக அலைய விடாத நல்ல ஏற்பாடு. அதில் எனக்குக் குறையில்லை. சிறிய வீடுகளுக்குக் கட்டி முடித்த சான்றும் வேண்டாம் என்று 2019 விதிகளே விலக்குக் கொடுத்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கட்டுவதற்கு முன்பும் பின்பும் அந்தக் கொல்லைப்புறத்தை அரசின் சார்பில் ஒருவர் எட்டிப் பார்க்கவே தேவையில்லை.

சட்டம் அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். துண்டு துண்டாக இருக்கிறது. குளத்தை நிரப்ப வரும் தண்ணீர் லாரியை 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் பார்க்கிறது. அட்டவணையில் உள்ள ஊர்களில் நிலத்தடி நீரை எடுக்கவும் லாரியில் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும் என்கிறது. லாரி எந்த ஊரில் நிரம்புகிறது என்பதில் அதற்கு அக்கறை. எந்தக் கொல்லையில் காலியாகிறது என்பதில் இல்லை. குளத்து மோட்டாரையும் விளக்கையும் மின்சாரப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் பார்க்கின்றன. காங்கிரீட் தொட்டி நீர் கசியாமல் இருக்க ஐ.எஸ். 3370, நீர்க்காப்புப் பூச்சுக்கு ஐ.எஸ். 6494, குளத்து நீரின் தரத்துக்கு ஐ.எஸ். 3328 என்று இந்திய தர நிர்ணய அமைவனத்திடம் ஏடுகள் இருக்கின்றன. நல்ல பொறியாளர் அவற்றைப் புரட்டுவார், மற்றவர் மேஸ்திரி சொன்னதைக் கேட்பார். எல்லாவற்றிலும் பழையது, எனக்குப் பிடித்தது, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். கொசு உற்பத்தியாகும்படி வீட்டில் தண்ணீரைத் தேங்கவிட்டால் சுகாதார ஆய்வாளர் உள்ளே வந்து பார்க்கலாம், நோட்டீஸ் கொடுக்கலாம். டெங்கு காலத்தில் தேங்காய் ஓட்டையும் பழைய டயரையும் தேடிவரும் அந்த ஊழியர்தான் வீட்டு நீச்சல் குளத்தின் ஓரத்தில் வந்து நிற்க வாய்ப்புள்ள ஒரே அரசு ஆள். அவர் குனிந்து புழு இருக்கிறதா என்று பார்ப்பார். குழந்தை விழுமா என்று பார்ப்பது அவர் வேலையில்லை.

நீச்சல் குளம் என்றதும் நம் ஊரில் முதலில் எழும் கோபம் தண்ணீரைப் பற்றியது. அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடந்ததை குன்றத்தூர்க்காரர்கள் பைக்கை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களில் குடிநீரை ஊற்றத் தடை போட்டது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. ஆனால் கோபத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

நண்பரின் குளம் கொள்வது 21,600 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி இரண்டு வந்தால் நிரம்பி வழியும். நகரத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் கணக்கு. அப்படியானால் நான்கு பேர் குடும்பத்துக்கு நாற்பது நாள் தண்ணீர். இது முதல் செலவு. அப்புறம் வெயில் குடிக்கிறது. நம் பக்கத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், பதினெட்டு சதுர மீட்டர் பரப்பில் தினம் தொண்ணூறு லிட்டர். வருடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல். அதாவது குளம் தன்னைத்தானே வருடத்துக்கு ஒன்றரை முறை குடித்துவிடுகிறது. மழை இதில் பெரும்பங்கைத் திருப்பித் தரும்; ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டர் பெய்தால் 23,000 லிட்டர். ஆனால் நம் மழை தவணை முறையில் பெய்வதில்லை. ஐப்பசி கார்த்திகையில் நான்கைந்து நாளில் கொட்டி, குளம் வழிந்து தெருவுக்குப் போகும். பங்குனியில் மறுபடி லாரி வரும். வடிகட்டியைக் கழுவும் பேக்வாஷ் தண்ணீர் வேறு வாராவாரம் சில நூறு லிட்டர் வீணாகும்.

இத்தனையும் சேர்த்தாலும் ஏரிக்கு முன்னால் இது சொற்பம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கனஅடி என்பது பத்தாயிரம் கோடி லிட்டரைத் தாண்டும். குன்றத்தூரிலும் மாங்காட்டிலும் வீட்டுக்கு வீடு இப்படிக் குளம் வெட்டினாலும் அந்த ஏரி வற்றாது. ஒரு தெருவின் போர் வற்றலாம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரலாம். அடுக்குமாடி வளாகத்துக் குளத்தின் கதை கொஞ்சம் பெரிது. இருபத்தைந்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதே நாலடி ஆழம் என்றால் மூன்று லட்சம் லிட்டர். வறட்சிக் காலத்தில் அதற்குத் தடை போடுவது நியாயம். ஆனால் தனி வீட்டுக் குளத்தைத் தண்ணீர் வீண் என்ற ஒரே காரணம் சொல்லி நாம் கண்டிக்கும்போது, அதில் உண்மையிலேயே ஆபத்தானது எதுவோ அது பேச்சுக்கு வராமலே போய்விடுகிறது.

ஆபத்து குழந்தைக்கு.

நண்பரின் மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு ஒன்றரை. கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஆறு எட்டில் குளம். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “காம்பவுண்ட் ஆறடி சார். கேட்டுக்குப் பூட்டு. வெளிப் பசங்க யாரும் உள்ள வரமுடியாது.” இந்தப் பதிலை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள், கவனமானவர்கள், குழந்தைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள் சொல்வது. இதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. வீட்டுக் குளத்தில் மூழ்கும் சிறு குழந்தை பெரும்பாலும் அந்த வீட்டுக் குழந்தை, அல்லது விருந்துக்கு வந்த வீட்டாரின் குழந்தை. சுற்றுச்சுவர் திருடனைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் குழந்தையைக் குளத்தோடு சேர்த்து அடைத்துவைக்கும்.

இந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சட்டத்தால் திருத்திய ஊர்களில் ஒன்று சிட்னி. குன்றத்தூரிலிருந்தும் போரூரிலிருந்தும் போன பிள்ளைகள் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில் பக்கம் வீடு வாங்கும்போது ‘பூல் சர்டிஃபிகேட்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நீச்சல் குளங்கள் சட்டம் 1992-இல் வந்தது. வீட்டுக் குளங்களை அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து, குளம் உள்ள வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ வேண்டுமானால் அதன் நிலையைச் சொல்லும் சான்று பத்திரத்தோடு இருக்க வேண்டும். வேலி குளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும் என்பதே அடிப்படை. உயரம் குறைந்தது 1.2 மீட்டர். கம்பிக்கும் கம்பிக்கும் இடையே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. குழந்தையின் தலை நுழையாத அளவு அது. கதவு குளத்துக்கு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், விட்டால் தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழை எடுக்கும் இடம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். வேலிக்குப் பக்கத்தில் ஏறி நிற்கத் தோதாக நாற்காலியோ பூந்தொட்டியோ இருக்கக் கூடாது. கதவைக் கல் வைத்துத் திறந்து வைத்தால் அதுவே குற்றம். பிரான்ஸ் 2003 ஜனவரியில் கொண்டுவந்த சட்டம் நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது: வேலி, ஒலி எழுப்பும் கருவி, பாரம் தாங்கும் மூடி, அல்லது கூரைக்கூண்டு. எதுவுமில்லாவிட்டால் அபராதம் 45,000 யூரோ வரை போகும்.

வெளிநாட்டுச் சட்டம் நமக்கு எதற்கு என்பார்கள். நம் ஊரிலேயே, நம் சட்டத்திலேயே குழிக்கு வேலி போடும் அறிவு நிறைய இருக்கிறது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பாத வீட்டைப் பெரியவர்கள் திட்டுவார்கள். பெண் கொடுக்க யோசிப்பார்கள். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்துகொண்டே இருந்ததால் 2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் நெறிமுறை வகுத்தது. தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தோண்டும் இடத்தில் முள்கம்பி வேலி, அறிவிப்புப் பலகை. குழாயைச் சுற்றி சிமெண்ட் மேடை. வாயில் பற்றவைத்த இரும்பு மூடி. வேலை நின்றால் மண்ணால் நிரப்ப வேண்டும். தமிழ்நாடும் இதற்குத் தனி விதிகள் வகுத்தது. அப்படியும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. தீபாவளியை விட்டுவிட்டு மாநிலமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. விதி இருந்தும் நடந்தது என்றால், விதியே இல்லாத இடத்தைப் பற்றி என்ன சொல்ல? ஓரடிகூட அகலமில்லாத துளைக்கு முள்கம்பி கேட்கும் நாட்டில், இருபதடி நீளமுள்ள நீர்க்குழிக்குக் கயிறுகூடக் கேட்கவில்லை.

கயிறு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்தது இந்தக் குன்றத்தூரில்தான். அவர் பாடிய அடியார்களில் தண்டியடிகள் என்பவர் பார்வையற்றவர். திருவாரூர்க் குளம் தூர்ந்து குறுகிப் போனதை அறிந்து அதைத் தோண்டி அகலப்படுத்தப் புறப்பட்டார். குளத்துக்குள் ஒரு கம்பம், கரையில் ஒரு கம்பம் நட்டு இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்து ஏறி இறங்கினார். நீர்க்கரையில் கண் துணைசெய்யாத மனிதன் கைக்கு ஒரு பிடி வைத்துக்கொள்கிறான். ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் விளிம்பு எது நீர் எது என்று தெரியாது.

குன்றத்தூரைச் சுற்றியுள்ளவர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு, குழி, தொட்டி, சம்ப், தரையில் உள்ள திறப்பு ஆகியவை ஆழத்தாலோ அமைப்பாலோ உள்ளிருப்பதாலோ ஆபத்தாகக்கூடியவையானால் அவற்றை உறுதியாக மூட வேண்டும் அல்லது வேலியிட வேண்டும் என்று எழுதிவைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது முதல் ஒரகடம், வல்லம் வடகால் என்று வரிசையாக எழுந்த ஆலைகளில் ஒரு தலைமுறையே இதைப் பழகி வளர்ந்திருக்கிறது. மஞ்சள் கறுப்புப் பட்டை, கைப்பிடிக் குழாய், ‘பெர்மிட்’ இல்லாமல் மூடியைத் திறக்காதே. நண்பர் தன் ஆலையில் பெயிண்ட் ஷாப் பக்கத்திலுள்ள நாலடிக் கழிவுநீர்த் தொட்டிக்குக் கைப்பிடி வைக்கவில்லை என்று ஒப்பந்தக்காரரை நிறுத்திவைத்தவர். அதே நாலடி வீட்டில் இருந்தால் அது ‘லைஃப்ஸ்டைல்’. நான் இதைச் சொன்னபோது முதல்முறையாகச் சிரிப்பு நின்றது.

நம் பக்கத்தில் விதிகள் பெரும்பாலும் சாவுக்குப் பின்தான் வருகின்றன. 2012 ஆகஸ்டில் சென்னை கே.கே. நகரில் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில் நான்காம் வகுப்புச் சிறுவன் இறந்த பிறகே பொதுக் குளங்களுக்கு உரிமம், உயிர்காப்பாளர் என்ற பேச்சு கோப்புக்குள் போனது. 2023 ஏப்ரலில் மூவரசம்பட்டுக் கோயில் குளத்தில் தீர்த்தவாரியின்போது ஐந்து இளைஞர்கள் மூழ்கினார்கள். வீட்டுக் குளத்தில் ஒரு மரணம் நிகழ்ந்தால் காவல்துறை கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் பதியும்; முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 106. குற்றவாளியாக நிற்க வேண்டியவர் அந்தக் குழந்தையின் அப்பாவாக இருப்பார். அந்த வழக்கை எந்த ஆய்வாளர் முனைந்து நடத்துவார்?

மூழ்குவது சத்தமில்லாமல் நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சினிமாவில் காட்டுவதுபோல் கைகளை ஆட்டி அலற மாட்டார்கள். மூச்சுக்கே வாய் போதாதபோது கத்த எங்கே வாய்? சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 2022-இல் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,503 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இதில் ஆறும் ஏரியும் கிணறும்தான் பெரும்பங்கு, வீட்டுக் குளம் சொற்பம் என்பதே என் எண்ணம். சொற்பமாக இருக்கும்போதே விதி வகுப்பது எளிது.

மின்சாரம் அடுத்தது. 2023 டிசம்பர் கடைசியில் பெங்களூரு வர்த்தூரில் ஓர் அடுக்குமாடி வளாகத்தின் குளத்தருகே ஒரு சிறுமி இறந்தாள். மூழ்கியதாகத்தான் முதலில் நினைத்தார்கள். மின்சாரம் தாக்கியதே காரணம் என்று தடய அறிக்கை வந்த பிறகு, 2024 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பாளர் உட்படச் சிலரைக் காவல்துறை கைது செய்தது. குளத்துக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரம். அந்த மின்மாற்றி குளத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். மோட்டாருக்குப் போகும் இணைப்பில் முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். நம் எலக்ட்ரீஷியன்கள் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள், பெயர் எதுவானாலும் பெட்டிக்குள் அது இருக்கிறதா, மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துகிறோமா என்பதே கேள்வி. நண்பர் வீட்டில் இருந்தது. பொத்தானை ஒருமுறையும் அழுத்தியதில்லை. அழுத்தினோம், விழுந்தது. நல்லவேளை.

மாடியில் ஜக்குஸி என்ற வெந்நீர்த் தொட்டி வைக்கும் ஆசை இப்போது ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் பரவுகிறது. கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் தங்கும் வீடுகளில் வெந்நீரில் அமிழ்ந்து குளிக்கும் வசதி கேட்கிறார்கள். அவர்களுக்கு அது நம் எண்ணெய்க் குளியல் போல. வாடகை நன்றாக வரும் என்பதால் உரிமையாளர்கள் தயாராக வரும் தொட்டியை வாங்கி மொட்டை மாடியில் இறக்கிவிடுகிறார்கள். கட்டட விதியில் இதற்கும் இடமில்லை, ஏனென்றால் அது ‘சாமான்’. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு மீட்டர் சதுரமான தொட்டியில் 1,500 லிட்டர் தண்ணீர் என்றால் ஒன்றரை டன். தொட்டியும் உள்ளே உட்காரும் ஐந்து பேரும் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டும். சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோவுக்கு மேல். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 கேட்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. மூன்றரை மடங்கு பாரத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் அறையில் தூங்குகிறோம். கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு என்ன செலவாகிவிடும்?

வெந்நீர்த் தொட்டிக்கு இன்னும் இரண்டு தனிக் குணங்கள் உண்டு. ஒன்று உறிஞ்சுதல். 2002-இல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் அடியிலுள்ள வடிகால் உறிஞ்சிப் பிடித்ததால் மேலே வர முடியாமல் இறந்தாள். பெரியவர்கள் இருவர் சேர்ந்து இழுத்தும் மூடி உடைந்த பிறகே விடுபட்டது. அவள் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. வடிகால் மூடி ஆளை உறிஞ்சிப் பிடிக்காத வகையில் இருக்க வேண்டும், உறிஞ்சும் வாய் ஒன்று மட்டும் இருந்தால் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று 2007-இல் வந்த சட்டம் அவள் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு நன்றாக நீந்தத் தெரியும். இரண்டாவது, ஆவியில் வரும் கிருமி. 1999-இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே விற்பனைக்காக ஒரு வெந்நீர்த் தொட்டியைக் குமிழியிட ஓடவிட்டிருந்தார்கள். யாரும் அதில் இறங்கிக் குளிக்கவில்லை. பக்கமாக நடந்து போனார்கள், அவ்வளவுதான். லீஜியோனெல்லா நுண்ணுயிர் கலந்த நீர்த்துளியை மூச்சில் இழுத்து 32 பேர் இறந்தார்கள். சூட்டில் குளோரின் சீக்கிரம் ஓடிவிடும். அதனால்தான் நீச்சல் குளத்தில் ஒரு பி.பி.எம். போதுமென்றால் வெந்நீர்த் தொட்டிக்கு மூன்று வேண்டும் என்கிறார்கள். நீரின் சூடு நாற்பது டிகிரியைத் தாண்டக் கூடாது. கைப்பிடி ப்ளீச்சிங் பவுடரை உத்தேசமாகத் தூவுவது எந்தக் கணக்கிலும் சேராது.

குன்றத்தூருக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஏரி பக்கத்தில் இருப்பதால் மழைக்காலத்தில் இங்கே பல மனைகளில் நிலத்தடி நீர் மேலேறிவிடும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தபோது அடையாற்றங்கரை பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அப்படி மண் ஊறிய நேரத்தில் குளத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று தண்ணீரை இறைத்துக் காலி செய்தால், குளம் படகாகிவிடும். நண்பரின் குளத்துக் காங்கிரீட் இருபது டன் சொச்சம் இருக்கும். சுற்றிலும் நீர்மட்டம் விளிம்பு வரை வந்தால் கீழிருந்து தூக்கும் விசை 25 டன்னுக்கு மேல். ஓடு வெடிக்கும், குழாய் முறியும், சில இடங்களில் தொட்டியே மேலெழும்பும். கார்த்திகையில் குளத்தை வற்ற வைக்காதீர்கள். இறைக்கும் குளோரின் நீரும் தெருக் கால்வாய் வழியே கடைசியில் ஏதோ ஓர் ஏரிக்குத்தான் போகிறது. சில நாள் குளோரின் போடாமல் விட்டு, மணம் போனபின் தோட்டத்துக்கு விடுவது மேல்.

நகராட்சி என்ன செய்யலாம்? தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. துணை விதி இயற்ற மன்றத்துக்கு வழி இருக்கிறது, அரசின் ஒப்புதல் வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்கும் விதி போதும். இரண்டடிக்கு மேல் ஆழமுள்ள எந்த நீர்த்தொட்டியையும் வரைபடத்தில் காட்டியாக வேண்டும். சுயசான்று விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே நாலடி வேலி, தானே மூடும் கதவு. மின் இணைப்புக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் கையெழுத்து. பண்ணை வீடு என்று சொல்லி ஒரு நாள் வாடகைக்கு விடும் இடங்களுக்குத் தனி உரிமம். நாளொன்றுக்கு முப்பது பேர் குளிக்கும் குளத்தை வீட்டுக் குளம் என்று ஏற்கக் கூடாது. டெங்கு ஆய்வுக்கு வீடு வீடாகப் போகும் ஊழியரின் படிவத்தில் ‘குளம் உண்டா, வேலி உண்டா’ என்று இரண்டு கேள்வி சேர்த்தால் ஊரில் எத்தனை குளம் என்ற கணக்காவது கிடைக்கும். சட்டம் அதிகமானால் லஞ்சமும் அதிகமாகும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் ஆய்வாளரைக் கூட்டுவதைவிட, நியூ சவுத் வேல்ஸ் செய்ததுபோல் விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் சான்று கேட்பதே நமக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி கேட்டால் இன்னும் சீக்கிரம் நடக்கும். நம் மக்கள் நகராட்சி நோட்டீஸைவிட வங்கி மேலாளருக்கு அதிகம் மதிப்புக் கொடுப்பவர்கள்.

இரண்டு மாதம் கழித்து நண்பர் வீட்டுக்கு மறுபடி போனேன். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த வேலி நின்றிருந்தது. அளவெடுத்துப் பார்த்தேன், நாலடி. கம்பி இடைவெளி நான்கு விரல். தாழ்ப்பாள் என் மார்பு உயரத்தில். மஞ்சள் கறுப்புப் பட்டைகூட ஒட்டியிருந்தார். துணி காயப்போடப் போகவர வசதியாக இருக்கட்டும் என்று கதவுக்கு மட்டும் ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள்.

செங்கல்லை எடுத்து வெளியே போட்டுவிட்டுத்தான் காபி குடித்தேன். உங்கள் வீட்டிலும் குளம் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்தக் கதவை ஒருமுறை பாருங்கள்.